ஐந்துக்கு ஐந்து

உங்கள் ஸ்டேஷன் காப்பி பரவாயில்லை, மேடம். எங்கள் கிளப் டீயைக் குடித்தவனுக்கு எதுவுமே பரவாயில்லைதான்.

என் பெயர் க்ளின் ஸ்டாதர்ட். திங்கள் முதல் வெள்ளிவரை வீடுகளுக்குச் சுவர் பூசுகிறேன். சனிக்கிழமை ஸ்டெய்ன்பி டவுன் கால்பந்து அணிக்கு நடுக்களத்தில் ஆடுகிறேன். ஆறு வருடமாகக் கேப்டன். அதற்கு முன் பதினோரு வருடம், ஐந்து கிளப். ஒரு மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் பன்றிப் பண்ணை. இன்னொன்றில் குழாயில் வெந்நீர் வந்தால் எல்லாரும் கைதட்டுவார்கள். ஆட்டம் பார்க்க இருநூறு பேர் வருவார்கள். அதில் பாதி, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வருகிற கூட்டம். கையில் சூப்பை வைத்துக்கொண்டு, "டேய் ஸ்டாதர்ட், சக்கர நாற்காலிய எங்கடா விட்டுட்டு வந்த?" என்று கத்துவார்கள். இவர்களுக்காகத்தான் இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டேன்.

கேலம் ரூக் செத்ததற்கு நான் காரணமா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள். நேராகவே கேட்கலாம். வரிசையாகச் சொல்கிறேன்.

கேலம் போன ஆகஸ்டில் வந்தான். இருபத்து மூன்று வயது. வென்ஸ்காரில் ஒரு பெரிய கிளப் எட்டு வயதிலிருந்து வளர்த்து, பிறகு வேண்டாமென்று கழற்றிவிட்ட ஆள். அதற்கே அவ்வளவு தலைக்கனம். முதல் நாள் பயிற்சியிலேயே என் முதுகைத் தட்டி, "என்ன பெருசு, மூச்சு வாங்குதா? பந்த இங்க தள்ளிட்டு ஓரமா நில்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடுத்த வாரம் இன்னும் அதிகமாகச் சொல்வார்கள்.

நன்றாக ஆடினான், மறுக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதையும் மறுக்கவில்லை.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் மேனேஜர் பேரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பேரி வாரநாட்களில் தரைவிரிப்பு விற்பவர். "க்ளின், அடுத்த சீசன் உன் இடத்துல கேலம்தான்ப்பா. கேப்டனும் அவன்தான். நீ பன்னெண்டு வயசுப் பசங்களுக்கு கோச்சிங் குடேன். பசங்களுக்கு உன்ன ரொம்பப் பிடிக்கும்."

எந்தப் பசங்களுக்கும் என்னைப் பிடிக்காது. எனக்கும் அவர்களைப் பிடிக்காது. சனிக்கிழமை போய்விட்டால் நான் சுவர் பூசுகிறவன், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை பிரிக்ஃபோர்டில் ஆட்டம். கேலத்தைப் பார்க்க மேல் லீக்கிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவனும் எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவனும் ஒரே பந்துக்குத் தாவினார்கள். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

எங்கள் ஃபிசியோ டோரீனுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. முதலுதவிச் சான்றிதழ் ஒன்று வைத்திருக்கிறாள். இடுப்பு வலிக்காரி. மைதானத்தின் நடுவுக்கு வந்து சேர ஒரு நிமிடம் பிடிக்கும். தலையில் அடிபட்டவனிடம் அவள் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசி கோல் போட்டது யார், போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா. ஒன்று தப்பினாலும் ஆள் வெளியே. என்னிடம் நாலு முறை கேட்டிருக்கிறார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

டோரீன் வருவதற்குள் அவன் பக்கத்தில் குந்தினேன். "எங்கடா இருக்க?"

"வென்ஸ்கார்ல. கோச் எங்க?" என்றான். ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை.

"டேய், இது பிரிக்ஃபோர்டு. ரெண்டாவது பாதி. கடைசி கோல் அவங்களோடது. போன வாரம் லாத்தம்கிட்ட தோத்தோம். சொல்லு."

சொன்னான். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். எட்டு வயதிலிருந்து கோச் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பழகியவன். டோரீன் வந்து கேட்டாள். நாலாவது கேள்வியில் திணறினான். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்துக் காட்டினேன். ஐந்துக்கு ஐந்து. "ஒண்ணும் இல்ல கண்ணு, எந்திரி" என்று கழுத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். குற்றம் சொல்கிற அளவுக்கு அவளுக்கு விஷயம் தெரியாது.

ஏன் செய்தேன் என்றால், அந்த இரண்டு பேரும் பார்க்க வேண்டும். பெரிய பிஸ்தா மாதிரி வந்தவன் பந்து எங்கே போகிறதென்று தெரியாமல் தள்ளாடுவதைப் பேரியும் பார்க்கட்டும்.

தள்ளாடினான். எதிரணிக்காரன் காலில் பந்தைக் கொடுத்தான். வேலிக்கு அந்தப் பக்கம், "கேலம், காலைலயே ஊத்திக்கிட்டு வந்தியாடா?" என்று ஒருவன் கத்தினான். சும்மா சொல்லக்கூடாது, காதுக்கு இதமாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் எங்களுக்கு மூன்று கார்னர் கிடைத்தது. கார்னர் எல்லாம் நான்தான் அடிப்பேன். மூன்றையும் அவன் தலைக்கே போட்டேன். முதலாவதை அடித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். இரண்டாவதுக்கு நான் பந்தை எடுத்துக்கொண்டு போகும்போது கிட்டே வந்தான்.

"க்ளின், எனக்கு ரெண்டு பந்து தெரியுது." பெருசு என்று சொல்லவில்லை.

"ரெண்டையும் அடிடா" என்றேன்.

மூன்றாவதில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தான்.

க்ளினுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது என்று பேரி உங்களிடம் சொல்லியிருப்பார். நல்ல மனிதர், தரைவிரிப்பு விற்கத்தான் லாயக்கு. எட்டு வருடத்துக்கு முன் எனக்கு நாலாவது முறை அடிபட்டபோது டாக்டர் சொன்னார்: அதே ஆட்டத்தில் தலையில் இன்னொன்று விழுந்திருந்தால் நீ பிழைத்திருக்க மாட்டாய். அதை அவர் எழுதிக் கொடுத்த காகிதம் உங்கள் மேசையில் இருக்கிறது, கீழே என் கையெழுத்தோடு. ஆக, தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

கடைசிப் பந்தைக் காற்று தள்ளிவிட்டது என்று அன்று நடுவரிடம் சொன்னேன். அது பொய். அன்று காற்றே இல்லை. பதினேழு வருடத்தில் அப்படி ஒரு பந்தை நான் போட்டதில்லை, மேடம். கோலுக்கு ஆறு கஜத்தில், நெற்றிக்கு நேராக வந்தது. கோல்கீப்பர் அசையவே இல்லை. சும்மா நின்று தலையைக் கொடுத்தாலே உள்ளே போயிருக்கும். அதையும் அவன் கம்பத்துக்கு மேலே அடித்தான். இவனைத்தான் என் இடத்தில் போடப் பார்த்தார் பேரி.