லைட் எரியுதுல்ல?

— வீடு முழுசுக்கும் இந்தப் பெட்டி ஒண்ணு போதுமா, தம்பி?

— போதும்க்கா. மெயின் போர்டுலயே மாட்டிடுவேன். இடி இடிச்சு கரண்டு எகிறி வந்தா, அடிய இது வாங்கிக்கும். இது செத்தாலும் வீட்டுச் சாமான் பொழைச்சுக்கும்.

— இது செத்தாலும்...

— ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க்கா.

— சொல்லு, சொல்லு. பெரிசாவே மாட்டு.

— என்னென்ன ஓடுதுன்னு பாத்துதான் சைஸ் சொல்லணும். ஃபிரிட்ஜ், மோட்டார், டிவி... அந்த ரூம்ல ஒரு மெஷின் இருந்துச்சே?

— மூச்சு மெஷின். போன மாசம் இடியில கருகிப்போச்சு. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உங்க மாமாவும் போயிட்டாரு... என்ன தம்பி, வாயில ஸ்குரூவக் கவ்விக்கிட்டியா?

— இல்லக்கா... பழைய பெட்டியக் கழட்டறேன். பாருங்க, சிவப்பு எரியுது. பச்சைன்னாதான் உயிரோட இருக்குன்னு அர்த்தம். சிவப்புன்னா உடனே மாத்திடணும்.

— அதுக்கு முந்தின வாரமே ஒரு இடி. அன்னிலேர்ந்து சிவப்புதான்.

— அப்பவே ஒரு போன் போட்டிருந்தா...

— போட்டேனே.

— யாருக்கு?

— மாட்டினவனுக்கு. உனக்கு.

— எப்பக்கா? எனக்கு ஞாபகமே...

— "பெட்டியில லைட் எரியுது, பரவால்லையா"ன்னு கேட்டேன். "லைட் எரியுதுல்ல? அப்ப வேலை செய்யுதுக்கா"ன்னு சொன்ன. ஞாபகம் இல்லையா?

— இருக்குக்கா. பொய் சொன்னேன்... ஏணி உச்சியில நின்னுக்கிட்டு பேசினேன். எறங்கினதும் உறைச்சுது, என்ன கலர்னு கேக்கலையேன்னு. திருப்பிக் கூப்பிடணும்னு போனக் கையில எடுத்தேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்... துக்கத்துக்கு வந்தேன்க்கா. வாசல் வரைக்கும். உள்ள வரத் தைரியம் இல்ல.

— பாத்தேன்.

— திட்டுங்கக்கா. அடிக்கக்கூட செய்யுங்க. அதுக்குத்தானே என்னையே கூப்பிட்டீங்க?

— அதுக்கு இல்ல.

— அப்புறம் எதுக்கு?

— அன்னிக்குப் போன்ல பின்னாடி ஒரு சத்தம் கேட்டுதா?

— ஏதோ... தட்டுற மாதிரி.

— உங்க மாமாதான். நீ மாட்டினப்ப பக்கத்துலயே நின்னு பாத்தவராச்சே... கட்டில்ல படுத்தபடியே போர்டைக் காட்டி, கட்டையத் தட்டித் தட்டி, "சிவப்புன்னு சொல்லு, சிவப்புன்னு சொல்லு"ன்னு மூச்சு வாங்கக் கத்தினாரு, தம்பி. "பெரிய இன்ஜினியரு... சும்மா படுங்க"ன்னு அதட்டிட்டு, நான்தான் போன வச்சேன். என் புள்ளைங்ககிட்டகூட இத நான் சொல்லல.