வேற எரர்

“அப்பாடா, வேற எரர் வந்துருச்சுங்க!”

ஆத்தூர் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் போட்ட சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தேன். மடியில் லேப்டாப். பக்கத்தில் கணவர், பூ மார்க்கெட்டில் கொட்டிவிட்டு வந்த காலிச் சாக்குகளோடு.

“எரர் வந்ததுக்கா புள்ள இம்புட்டுச் சந்தோசம்?”

“பழசு புரோகிராம்ல முதல் வரியவே தாண்டலைங்க. ஃபைல் இல்லன்னே அடம் பிடிச்சுச்சு. இப்ப கடைசி வரி வரைக்கும் வந்துருச்சே.”

“அந்த ஃபைலத்தான் அன்னைக்கே போட்டியே?”

“போட்டேன். அது தனக்குள்ள இன்னொரு ஃபைலக் கூப்பிடுது. அது நம்ம பழைய மோட்டார் போர்டுக்கு உள்ளது, புதுசுல கெடையாது. இப்ப புது போர்டுக்கு ஏத்தத மாத்திப் போட்டுட்டேன்.”

“கிணத்துல தண்ணி வத்துனா மோட்டார் தானா நின்னுரும்ல? இன்னொருக்க காயில் எரிஞ்சா தாங்காது.”

“நின்னுரும். செத்த இருங்க, கடைசியில ஒரு பிராக்கெட்ட மூடாம விட்டிருக்கேன்.”

செம்பட்டியில் பஸ் நின்றபோது, சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பட்டனைத் தட்டினாள். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. திரையை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள். சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை.

அவர் அப்போதே போனை எடுத்தார்.

“அப்பா, கரண்டு இருக்க நேரமெல்லாம் நீங்க கிணத்து மேட்டுல காவல் உக்காந்தது போதும். இன்னைக்கே போர்ட மாட்டிருவோம். நாளைக்கு நீங்களும் ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு வாங்க. கிணத்த உங்க மருமக பாத்துக்குவா.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“ஆமாப்பா, அவளும்தான் பூசைக்கு வாரா.”