காலியாகத் திரும்பிய தட்டுகள்

புதிதாக வாங்கி வந்த பாம்பு சாப்பிடாவிட்டால் பதறக் கூடாது, ஐயா. முக்கால்வாசிப் பேர் அங்கேதான் தவறு செய்கிறார்கள். பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பார்கள். கையில் எடுத்துத் தடவுவார்கள். ஒரே நாளில் மூன்று விதமாக இரை போட்டுப் பார்ப்பார்கள். மெலிந்த பாம்புக்கு வேண்டியது இருட்டு, கொஞ்சம் சூடு, உடம்போடு ஒட்டினாற்போல் ஒளிந்துகொள்ள ஓர் இடம். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

போன இரண்டு முறை நீங்கள் இந்தப் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டனுப்பியபோது முக்காலியைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன். முக்காலிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பாம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

என் கணவர் எவரால்டோ பெலேம் நகரத்துக்கும் மராஜோ தீவுக்கும் நடுவே ஓடும் படகில் சுக்கான் பிடித்தவர். என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, ஏசியதில்லை. சாப்பாட்டு விஷயம் ஒன்றுதான். இருபத்தேழு வருஷமாக நான் எது வைத்தாலும் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைப்பார். இடது கை விரலால் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவார், அழகாக, மணலை ஒதுக்குவது போல. "உன் கையில உப்பு நிக்காது, ஒலிந்தா" என்பார். கோபமில்லாமல்தான் சொல்வார். மிச்சத்தை நான் சுரண்டிக் கோழிக்குப் போடுவேன். அவருடைய தங்கை சுல்மிரா வீட்டுக்குப் போனால் மட்டும் தட்டை விரலால் வழித்துச் சாப்பிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

போன டிசம்பரில் அவருக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பின்னறையில் இரண்டு சுவருக்கும் நடுவே ஆள் படுக்கிற தூளி கட்டி அதில் படுக்க வைத்தோம். இடது கை மட்டும் நன்றாக இருந்தது. தண்ணீர் கொடுத்தால் குடித்தார். கரண்டியை எடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டார். அரை மணி நேரம் கெஞ்சுவேன். அசாயிப் பழக் கூழ் ஊதாவாக அவருடைய தாடை வழியாகக் கழுத்துக்கு வடியும்.

சுல்மிரா புதனும் ஞாயிறும் வருவாள்.

"அண்ணே, இங்க பாரு. படகு வருது, துறையைத் திற" என்பாள். அவர் வாயைத் திறப்பார்.

"பாத்தீங்களா அண்ணி, சிரிக்கிறாரு. உங்ககிட்டதான் வீம்பு. கட்டிக்கிட்டவகிட்ட காட்டாம வேற யாருகிட்டக் காட்டுவாரு?"

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

அந்த மாதம்தான் எலித் தொல்லை அதிகமானது. மழை பிடித்தால் ஆற்றோரத்து எலியெல்லாம் எங்கள் மச்சுக்கு வந்துவிடும். சந்தைக்குப் போய் ஒரு ஜிபோயாப் பாம்பு வாங்கினேன். விஷம் கிடையாது, எலியைப் பிடித்துத் தின்னும், மச்சில் விட்டால் வருஷக் கணக்கில் இருக்கும். மூலிகைக் கடைகளுக்குப் பின்னால் விற்கிற கிரிஸ்பின் என்பவரிடம் வாங்கியது. என் கை நீளத்துக்கு இரண்டு மடங்கு இருந்தது, ஆனால் ஒட்டிப் போயிருந்தது. முதுகெலும்பு கூரை முகடு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. தோல் பக்கவாட்டில் மடிந்து தொங்கியது. அதைப் பார்த்ததும் மற்றப் பாம்புகளை நான் பார்க்கவே இல்லை.

"இதையா கேக்குறீங்க? மச்சுல விட முடியாதுக்கா, எலி இதைத் தின்னுரும்" என்று சிரித்தார். "முதல்ல தேத்தணும். வேற தரட்டுமா?"

இதுவே போதும் என்றேன்.

சவுக்காரம் வந்த மரப் பெட்டியில் வைத்தேன். பொறியில் விழுந்த சுண்டெலியை வெந்நீரில் முக்கிச் சூடாக்கிக் கொடுத்தேன். தொடவில்லை. கோழிக்குஞ்சு போட்டேன். குஞ்சு அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. எட்டு நாள் கழித்துக் கிரிஸ்பினிடம் திரும்பப் போனேன்.

"ராவும் பகலும் மூடியைத் திறந்து பாக்குறீங்களா?"

"பாக்காம எப்படி?"

"அதான். உங்க மாமியா எதிர்ல உக்காந்து வாயையே பாத்துக்கிட்டு இருந்தா உங்களுக்குத் தொண்டையில எறங்குமா? இருட்டு ரூம்ல வைங்க. பெட்டியில எலி நுழையற அளவு ஓட்டை போடுங்க. பக்கத்துல ஏதாவது தீனி வைங்க, எலி தானா வரும். கதவைச் சாத்திட்டுப் போயிருங்க. திங்குறதை யாரும் பாக்கக் கூடாதுக்கா. கூச்சம்."

வீட்டில் இருட்டு அறை பின்னறைதான். பெட்டியை அங்கே கொண்டுபோய் மூலையில் வைத்தேன். சன்னலைச் சாத்தினேன். அப்போது அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பல்லைக் கடித்தபடி. இவரையும் நான் முறைத்துக்கொண்டேதானே இருக்கிறேன் என்று தோன்றியது. தட்டு நிறைய அசாயிக் கூழும் மரவள்ளி மாவும் பொரித்த மீனும் வைத்து, தூளிக்குப் பக்கத்தில் அவருடைய இடது கை எட்டும்படி முக்காலியைப் போட்டு அதன் மேல் வைத்தேன். "நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

காலையில் தட்டு காலி. பெட்டிக்குள் பாம்பின் நடுவயிறு முட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. ஒரே ராத்திரியில் என் வீட்டில் இரண்டு வாய் திறந்துவிட்டது என்று நினைத்தேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இருபத்தேழு வருஷத்தில் அந்தத் தட்டின் அடியில் வரைந்திருக்கும் நீலப் பூவை அவர் சாப்பிட்டு முடித்து நான் பார்த்ததில்லை. ஐந்து இதழ். அன்றுதான் எண்ணினேன்.

புதன்கிழமை சுல்மிரா வந்தபோது தட்டைக் காட்டினேன்.

"எல்லாம் சாப்பிட்டாரா? உங்க சமையலையா?" அவளுக்கு வாய் அப்படி. உடனே என் தோளைத் தட்டி, "சும்மா சொன்னேன் அண்ணி, ரொம்ப சந்தோஷம்" என்றாள்.

கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம், ஆள் பார்த்தால் கூச்சப்படுகிறார், புரையேறுகிறது என்றேன். அவள் அழுதாள். ஆனால் ஒத்துக்கொண்டாள். அண்ணனுக்கு நல்லது என்று சொன்னால் அவள் எதற்கும் ஒத்துக்கொள்வாள்.

நீங்கள் எடுத்து வைத்திருக்கும் துணி தரை துடைத்த துணிதான். அது ஊதாவாக இருக்கக் காரணம் அசாயி. அந்தக் கறை போகாது. முக்காலியின் காலில், தரையில், சுவர் ஓரத்தில், சின்னச் சின்னதாக ஊதாத் தடங்கள் இருக்கும். நகத்தளவில், நான்கு விரல் தடம். தினமும் காலையில் சன்னலைத் திறப்பதற்கு முன்பே துடைத்துவிடுவேன். நான் சுத்தக்காரி. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் இடது கையால் தரையைக் காட்டுவார். நான் துடைத்துக்கொண்டிருப்பேன். சுவரை மூன்று முறை தட்டுவார். படகு கரை சேரும்போது அப்படித்தான் பலகையைத் தட்டுவார்களாம், எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுப்பேன். அவர் குடிப்பார்.

பாம்பு தேறியது. முதுகு முகடு இறங்கி உடம்பு உருண்டது. தோலில் எண்ணெய் பூசினாற்போல் மினுமினுப்பு வந்தது. சட்டை உரித்தபோது கண் வரைக்கும் முழுசாக ஒரே துண்டாக வந்தது. கிரிஸ்பினிடம் சொன்னேன். "உங்க கை ராசிக்கா" என்றார். அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இப்போது முக்காலி.

தட்டு வைக்கத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன். தட்டு காலியாக இல்லை. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. ஓரமாக ஒதுக்கியிருந்தது. அவருடைய இடது கை விரல்கள் ஊதாவாக இருந்தன, தாடையிலும் ஊதா. தானே எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். அவர் என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அது சிரிப்பு என்று சுல்மிரா சொல்வாள். தரையில் தடம் எதுவும் இல்லை. பெட்டியில் பாம்பு காலி வயிற்றோடு தலையைத் தூக்கிக் காத்திருந்தது.

கிரிஸ்பின் சொன்ன வழி அவருக்கும் பலித்துவிட்டது, ஐயா. அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

தட்டைக் கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டேன். திரும்பி வந்து முக்காலியைப் பெட்டிப் பக்கம் நகர்த்தினேன். கை அசைந்தால் எலி வராதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முக்காலி தள்ளிக் கிடந்தது என்று சுல்மிரா உங்களிடம் சொன்னது சரிதான். அவருடைய விரல் நுனிக்கும் தட்டுக்கும் நடுவே நான்கு சாண். நான் அளந்தேன். மூன்று சாண் போதுமா என்று முதலில் பார்த்தேன், போதவில்லை, எட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் தட்டு சுத்தமாக வந்தது. நீலப் பூவைத் தினமும் பார்த்தேன். அவர் சுவரைத் தட்டுவது மெதுவாகி, இரண்டாகி, ஒன்றாகியது. மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை சுல்மிரா சொல்லாமல் வந்துவிட்டாள்.

"தட்டெல்லாம் காலியாகுது சரி. அண்ணன் ஏன் அண்ணி துடுப்புக் கட்டை மாதிரி கிடக்காரு? இவரு தின்னதெல்லாம் எங்க போச்சு?"

நான் மச்சைப் பார்த்தேன். அன்று காலையில்தான் பாம்பை மேலே விட்டிருந்தேன். அது பலகை மேல் நகர்கிற சத்தம் இரண்டு பேருக்குமே கேட்டது. அவள் தூளியைத் தொட்டாள். அவர் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போயிருந்தார்.

நான்கு மாதம் ஆகிறது. மச்சில் இப்போது எலி கிடையாது. ஒன்றுகூட இல்லை. தூளியை நான் அவிழ்க்கவில்லை. சில நாள் பகலிலேயே அது ஆள் படுத்தது போலத் தாழ்ந்திருக்கும், போய்ப் பார்த்தால் பாம்பு சுருண்டு கிடக்கும். சுவரில் மூன்று முறை தட்டுகிற சத்தம் கேட்கும். அது பாம்பின் வால். எனக்குப் பயமில்லை.

தட்டு வைப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. முக்காலியைத் தூளிக்குப் பக்கத்திலேயே போட்டு வைக்கிறேன், கை எட்டும்படி. காலையில் அப்படியே இருக்கும், எடுத்துக் கொட்டிவிடுவேன். பாம்பு அசாயிக் கூழ் தின்னாது. கதவு சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

இன்று காலையில் தட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. ஓரமாக ஒதுக்கியிருந்தது. வேண்டுமானால் ஆளை அனுப்பிப் பாருங்கள், நான் கழுவவில்லை. எலியாக இருக்கும் என்று சொல்லாதீர்கள், ஐயா. எலி மிச்சம் வைக்காது. அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.