பாதி தைத்து முடிந்த நூல்கட்டை

— கில்ட்டி, குத்தத்தை ஒத்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, செல்வமலரம்மா. சின்ன அபராதம்தான், மத்தியானத்துக்குள்ள கிங்ஸ்பரி வீட்டுக்குப் போயிடலாம்.

— களவெடுக்காத நான் ஏன் தம்பி ஒத்துக்கொள்ளவேணும்?

— உங்க பைக்குள்ள அந்தக் கடையோட நூல்கட்டை இருந்திருக்கு. விலைச்சீட்டு ஒட்டியிருக்கு, ரசீது இல்லை.

— போன மாசம் அங்கதான் வாங்கினனான். அதே சிவப்பில இன்னொண்டு எடுக்க, நிறம் பாக்கக் கொண்டு போனன். கட்டையில பாதி நூல் தைச்சு முடிஞ்சுது வாசுதேவன். நீங்களாவது பாத்தனீங்களோ?

— நான் கோர்ட்டுக்கு மொழிபெயர்க்க வந்தவன்மா.

— அப்ப எனக்கு ஏன் புத்தி சொல்லுறியள்?

— உங்க நல்லதுக்குத்தான். உள்ள தீர்ப்பு சொல்ல உக்காந்திருக்கற மூணு மாஜிஸ்ட்ரேட்டும் சம்பளமில்லாம வர்ற ஊர்க்காரங்க. சட்டத்தை கிளார்க்தான் எடுத்துச் சொல்லணும். காலையிலேயே நாப்பது கேஸ். உங்க நூலை யாரு அளந்து பாப்பாங்க?

— பாக்கிற இடத்துக்குப் போவம். மேல கிரவுன் கோட்டில தீர்ப்புச் சொல்ல யூரி பன்னிரண்டு பேர் இருப்பினம்.

— ஒரு நூல்கட்டைக்கு யூரியா!

— களவுக் கேஸெண்டால் எங்க விசாரிக்கிறதெண்டு என்னட்டைக் கேட்டே ஆகவேணும். இவையள் மாட்டம் எண்டு சொல்ல ஏலாது.

— அங்க மாசக்கணக்கா இழுக்கும். தோத்தா இங்க குடுக்கமுடியாத தண்டனையும் குடுப்பாங்க. பயமா இல்லையா?

— பயம்தான். ஹோம் ஒஃபிசில என்ர அகதி ஃபைல் முடிவில்லாமக் கிடக்குது. அதில கள்ளி எண்டு என்ர வாயாலயே எழுதுவிக்கமாட்டன்.

— இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா, வக்கீலா?

— ஒருத்தரும் இல்லை. எண்பத்திமூண்டு கலவரம் வரைக்கும் கொழும்பில இப்பிடி ஒரு சின்னக் கோட்டில சிங்களம், தமிழ் மொழிபெயர்ப்பாளரா இருந்தனான்.

— அப்ப உங்களுக்கே தெரியுமே, ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்னு!

— தெரியும். பியற்றிஸ் எண்டு ஒரு பிள்ளை. வேலைக்கு நிண்ட வீட்டில தங்கக் காப்பு எடுத்திட்டாள் எண்டு கொண்டுவந்தவை. 'நான் தொடவேயில்லை அக்கா' எண்டு என்ர கையைப் பிடிச்சு அழுதவள்.

— உங்க பேர் கூப்பிடறாங்கம்மா. அந்தப் பொண்ணு என்ன ஆனா?

— ஒத்துக்கொண்டாள். மூண்டு மாசம் மறியல்ல அடைச்சவை. அடுத்த கிழமையே காப்பு அந்த வீட்டு அலுமாரிக்குள்ள கிடந்தது. 'ஒத்துக்கொள் பிள்ளை, பின்னேரம் வீட்டை போகலாம்' எண்டு அவளுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான், தம்பி.