வலது மூலையில் சில புள்ளிகள்

உங்கள் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் அந்தப் படகுப் படம் அச்சுப்படம் சார். வருத்தப்படாதீர்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கையால் வரைந்தது மாதிரித் தெரியட்டும் என்று மேலே கொஞ்சம் பசையைத் தூரிகையால் இழுத்துவிட்டிருக்கிறான். ஆனால் படகு ஒரு பக்கம் போகிறது, தூரிகைத் தடம் வேறு பக்கம் போகிறது. எனக்கு இங்கே உட்கார்ந்தபடியே தெரிகிறது. ஓவியக்கூடத்துக்கு வருகிற பழைய படம் அசலா அச்சா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. முதுகுக்குப் பின்னால் என்னை 'லென்ஸ்' என்பார்கள். நேரில் சொல்லியிருந்தாலும் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

என் மச்சினனைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன். என் மனைவிக்கு ஒரே தம்பி. படங்களைச் சுத்தம் செய்து பழுது பார்க்கிறவன். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். நல்ல வேலைக்காரன், வாய்தான் ஓயாது. பஞ்சை நனைத்து அழுக்கைத் துடைத்துக்கொண்டே படத்தில் இருக்கிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பான். "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா, கண்ணு எரியும்" என்பான். எந்தப் படத்தைத் தூக்கினாலும் பச்சைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி கழுத்துக்கு ஒரு கை கொடுத்துத்தான் தூக்குவான். இப்படி ஒருவன் மேல் யாருக்குப் பகை இருக்கும்? எனக்குக் கிடையாது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

விஷயமெல்லாம் ஒரு படத்தைப் பற்றியதுதான். ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறாள், அவ்வளவுதான் படம். எனக்கு முன்னால் காப்பாளராக இருந்த அம்மா அதை அசல் என்று நம்பி வாங்கிவந்து நடுக்கூடத்தில் மாட்டினார். நான் அப்போது அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். பெரிய மனிதர்கள் எல்லாம் கூடியிருந்த ஒருநாள் என்னையும் ஒரு பார்வை பார்க்கச் சொன்னார்கள். நான் எந்தப் படத்தையும் வலது கீழ் மூலையில்தான் தொடங்குவேன், பெரும்பாலும் கையெழுத்து அங்கேதான் இருக்கும். லென்ஸை வைத்தேன். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தன. கையால் பூசிய வண்ணம் லென்ஸில் வண்ணமாகவே இருக்கும், அச்சில்தான் புள்ளி புள்ளியாகப் பிரிந்து தெரியும். மற்ற இடமெல்லாம் பழைய வார்னிஷ் பழுப்பேறி மங்கிக் கிடந்தது, அதனால் அங்கெல்லாம் போகவில்லை. "அச்சு" என்றேன். லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த அம்மா முகத்தில் ஈயாடவில்லை. "இன்னொரு தடவை பாருங்களேன், வேற இடத்துல வச்சுப் பாருங்க" என்று மட்டும் கேட்டார். சொன்ன சொல்லை மறுபடி சரிபார்ப்பது என் வழக்கமில்லை. என்ன செய்ய, அது ஒரு பிடிவாதம். அவருக்கு வேலை போயிற்று. படம் கீழ்த்தளத்துக்குப் போயிற்று. நாற்காலி என்னிடம் வந்தது, அதை நான் கேட்டு வாங்கவில்லை.

கீழ்த்தளத்தில் பூச்சி அறை என்று ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது, ஃபோன் சிக்னலும் எட்டாது, கனமான கதவு ஒன்று, அதில் தட்டு அகலத்துக்கு வட்டமாக ஒரு கண்ணாடி. மரச்சட்டத்தைத் துளைக்கிற பூச்சிக்கு மருந்தடித்தால் வண்ணம் கெட்டுவிடும். அதனால் படங்களை உள்ளே வைத்துக் கதவை இறுக்கிவிட்டால், இயந்திரம் தானாகவே உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி வேறொரு வாயுவை நிரப்பும். வாசனை இருக்காது, படத்துக்கு ஒரு கேடும் வராது. பூச்சிக்குத்தான் மூச்சுவிட ஒன்றும் இருக்காது. அந்தக் கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று வெகுநாளாகிறது. மாற்றச் சொல்லி மச்சினன் என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தான். யாரிடமோ சொன்னேன் என்றுதான் ஞாபகம்.

வார விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், எல்லோரும் கிளம்பிய பிறகு, அவன் என்னைக் கீழே பூச்சி அறைக்குக் கூப்பிட்டான். சட்டத்தில் பூச்சி இருக்கிறது என்று அந்தப் படத்தை எடுத்தவன், சும்மா இருக்காமல் பழுப்பையும் துடைத்திருக்கிறான். முகமெல்லாம் சிரிப்பு.

"உள்ள வாங்க அத்தான், இதைப் பாருங்க. இந்த மூலை மட்டும் எப்பவோ ஈரத்துல அழுகிப் போயிருக்கு. எவனோ அந்தக் காலத்துலயே இதே படத்தோட அச்சுப் பிரதியில இருந்து மூலையை வெட்டி இங்க ஒட்டுப் போட்டிருக்கான். வேலைக்காரன்தான். ஒட்டினது எனக்கே இப்பதான் தெரியுது. மிச்சமெல்லாம் கையால போட்டது, அத்தான். அசல்."

லென்ஸை அந்தப் பெண்ணின் விரல்மேல் வைத்தேன். புள்ளிகள் இல்லை. கன்னத்தில் வைத்தேன், ஜன்னலில் வைத்தேன். எங்கேயும் இல்லை.

மேலே போனால் என் நாற்காலி, வெளியே போனால் அந்த அம்மா, வீட்டுக்குப் போனால் இவன் அக்கா. எந்தப் பக்கமும் போக வழியில்லை என்று பட்டது. கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் அப்படித்தான் பட்டது.

அவன் என் தோளில் கை வைத்தான். "கவலைப்படாதீங்க. நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிடுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன். அந்த அம்மாகிட்ட மட்டும் ரெண்டு பேரும் நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிடலாம், பாவம்."

இரக்கப்படுகிறான் சார், என்மேல். நான் கைபிடித்துக் கூட்டிவந்தவன். திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன், நாலு பேரிடம் சொல்வேன் என்று மிரட்டியிருந்தால்கூடப் பேசிச் சரிக்கட்டியிருப்பேன். அந்த நிமிடம் அவனை வெறுத்தேன். பெரிய வார்த்தைதான், வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வண்ணத்தின் மேடுபள்ளம் தெரியும், அதுவும் ஒரு சோதனை. "டார்ச் எடுத்துட்டு வரேன், நீ படத்தைப் பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டார்ச் என் சட்டைப் பையில் இருந்தது. கதவைச் சாத்தித் தாழைத் திருகினேன். நான் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அந்தக் கதவை யாரும் திறந்துபோட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது நானே போட்ட விதி.

முதலில் சிரித்தான். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் 'விளையாடாதீங்க அத்தான்' என்று வாய் அசைந்தது. இயந்திரம் உறுமத் தொடங்கியதும் தட்டினான். கனமான கதவு, சத்தம் பெரிதாக வரவில்லை. நான் படியேறினேன்.

மனைவி சாப்பாடு போடும்போது, "தம்பிக்கு ஃபோன் போகவே மாட்டேங்குது, உங்ககூட கிளம்பலையா?" என்று கேட்டாள். "எனக்கு முன்னாடியே போயிட்டானே, சினிமாவுக்குப் போயிருப்பான்" என்றேன். மறுநாள் அவள் பதறியபோது நானே அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பூட்டிக் கிடந்த கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றோம். அழுதாள், தேற்றினேன். அவளைத் தனியாக அலைய விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

விடுமுறை முடிந்து முதல் ஆளாக நான்தான் போய்த் திறந்தேன். கதவோரம் குப்புறக் கிடந்தான். அந்த அறையில் கனமான பொருள் என்று வேறெதுவும் இல்லை. அந்தப் படத்தைத் தூக்கியே கண்ணாடியை இடித்திருக்கிறான். சட்டம் சில்லுசில்லாகக் கிடந்தது. துணி நடுவே கிழிந்து, ஊசி ஒரு பக்கமும் நூல் ஒரு பக்கமுமாகப் போயிருந்தன. கண்ணாடியில் கீறல்தான் விழுந்திருந்தது. அவனைத் தாண்டிப்போய் முதலில் படத்தைத்தான் எடுத்து லென்ஸில் பார்த்தேன். தொழில் புத்தி.

அவனைக் கொன்றது நான்தான். இயந்திரம் ஓடும் என்று தெரிந்தேதான் மூடினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் படத்தைப் பற்றி எழுதுகிற இடத்தில் அச்சு என்றே எழுதிக்கொள்ளுங்கள். அசல் என்று மனதார நம்புகிறவன், அதுவும் அவனைப் போன்ற ஒருவன், அதைத் தூக்கிக் கதவில் இடிப்பானா சார்?