சீனாவுக்குக் குறைஞ்ச ரெண்டு லட்சம்

– மாசம் ஐநூறு யுவான் கைச்செலவு என்னத்துக்கு அண்ணா? சாப்பாடும் கட்டிலும் பள்ளிக்கூடத்துக் காசுக்குள்ள வருதெண்டு நீதானே சொன்ன.

– ஒரு வருசம் புள்ள. சவுக்காரம் வாங்க வேணாமா, போனுக்கு டேட்டா போட வேணாமா, ஞாயிற்றுக்கிழமை லீவில வெளிய போய் ஒரு பிளேன்ரீ குடிக்க வேணாமா?

– நீ போறது குங்பூ படிக்கவா, பிளேன்ரீ குடிக்கவா?

– உன்னட்டக் கணக்குப் போடக் குடுத்தது என்ட பிழை. லீசிங் கொம்பனியில வேல செய்யிற ஆளிட்ட இரக்கம் எதிர்பார்க்க ஏலுமா?

– இரக்கத்துக்குக் கொப்பியில இடம் இல்ல. முதல்ல இருந்து வாசிக்கிறன், கேளு. பள்ளிக்கூடத்துக்கு முப்பத்தி மூவாயிரம் யுவான், நம்மட காசில பதிமூண்டு லட்சத்தி எண்பத்தாறாயிரம். டிக்கெட் போக வர ஒரு லட்சத்தி எண்பத்தஞ்சு. விசா, மெடிக்கல், பொலிஸ் ரிப்போட் அறுபதாயிரம். காப்புறுதி முப்பத்தஞ்சு. உடுப்பு, சப்பாத்து, தடி, வாள் நாப்பது. குளிருக்கு ஜக்கட் இருபத்தஞ்சு. உன்ட பிளேன்ரீ ரெண்டு லட்சத்தி ஐம்பத்திரெண்டு. எல்லாமா பத்தொம்பது லட்சத்தி எண்பத்தி மூவாயிரம்.

– அதான் இருபத்தொரு லட்சம் பேங்கில கிடக்கே. மூண்டு வருசம் கட்டார் வெயில்ல நிண்டு கேற்றைத் துறந்து மூடின சல்லி. ஒரு லட்சத்துக்கு மேல மிஞ்சுது. இண்டைக்கு ரெண்டரைக்கு முதல் கட்டினா வேல முடிஞ்சுது.

– ஏன் ரெண்டரை?

– அங்க அப்ப அஞ்சு மணி, கந்தோர் பூட்டிருவாங்க. மிஸ் லின் எண்டு ஒரு பிள்ள நாலு நாளா மெசேஜ் போடுறா. கட்டினா இடம், கட்டாட்டி அடுத்த ஆளுக்காம். கோச் ஆகிற கோர்சுக்கு முப்பது வயசுக்கு மேல எடுக்கமாட்டாங்க நிரு. எனக்கு வாற தை மாசம் முப்பது முடியுது. இந்த முறை விட்டா இந்தச் சென்மத்தில இல்ல.

– தெரியும். அதாலதான் வேலைக்கு லீவு போட்டுட்டு உன்னோட குந்திக்கிட்டிருக்கன்.

– நீ நல்லவ. கொஞ்சம் கசப்பு, ஆனா நல்லவ. திரும்பி வந்து இந்தக் கல்லடிக் கடற்கரையிலயே வகுப்பு வைப்பன் பார். மட்டக்களப்பில சீனாச் சேட்டிபிக்கட்டோட ஒரு மாஸ்டர். போர்ட்டில உன்ட அண்ணன்ட பேர், சிவதர்ஷன் எண்டு பெரிசா.

– நேத்துப் பின்னேரம் பழுகாமத்தில இருந்து கோல் வந்தது அண்ணா.

– மாப்பிள்ளை வீடா? நிலோஜனா?

– அவன்ட அம்மா. வீட்டுக்குள்ளயே பாத்ரூம் வேணுமாம். கிணத்தடிக்குப் போய்க் குளிச்சு அவட மகனுக்குப் பழக்கம் இல்லயாம். ஹோலுக்கு டைல்ஸும் பதிக்கட்டாம். கலியாணத்துக்கு முதல்.

– என்ன கா சொல்ற? ஆவணியில கலியாணத்தை வச்சிக்கிட்டு இப்பயா சொல்றது?

– இப்பதான் சொல்லியிருக்கா. நீ காலம கடற்கரைக்கு ஓடப் போன நேரம் மேசன் இன்ஷாப் பாஸைக் கூப்பிட்டு அளந்து பாத்தன். கல்லு, சீமெந்து, டைல்ஸ், கூலி எல்லாத்துக்கும் ஆறு லட்சம் எண்டார். காசு கைக்கு வந்தா நாளைக்கே தொடங்குவாராம்.

– ஆறு லட்சம். பழுகாமத்துப் பொடியனுக்குக் கொமட்டில குந்தினாத்தான் போகுமா? வயலுக்குள்ள குந்தி வளந்தவனுகள்.

– அப்பிடிச் சொல்லாத. உன்ட மச்சான் ஆகப் போறவன்.

– நான் போய்க் கதைக்கிறன். பைக்க எடுத்தா முக்கா மணித்தியாலம்.

– போய்? பொம்புளையின்ட அண்ணன் நீ. மாப்பிள்ளை வீட்டு வாசல்ல நிண்டு, 'கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க' எண்டு கெஞ்சப் போறியா? மாமா அப்பிடிப் போய்க் கெஞ்சித்தானே உன்னிச்சைச் சம்பந்தம் மூண்டு நாளில முறிஞ்சுது. தங்கச்சிக்கு ஒரு வீடு ஒழுங்காக் குடுக்க வக்கில்லாத ஆக்கள் எண்டு குளக்கட்டு முழுக்கக் கதைச்சாங்க.

– அது மாமாட வாய். அவர் போற இடமெல்லாம் நாறடிச்சுட்டுத்தான் வருவார்.

– ஆர்ட வாயா இருந்தாலும் முறிஞ்சது எனக்கு.

– சரி, போகல்ல. போன்லயும் கதைக்கல்ல. ஆனா ஒண்டு சொல்றன், கோவிக்காத. இருபத்தேழு வயசாச்சு, கறுப்பு, வாயும் நீளம். இதுவும் போச்செண்டா பொறகு நீ உன்ட லீசிங் மெனேச்சரைத்தான் கட்ட வேணும். அந்த ஆளுக்கு அஞ்சு பிள்ள.

– அதையும் கொப்பியில எழுதவா?

– பகிடிக்குச் சொன்னன் புள்ள.

– நீ எப்பவும் பகிடிக்குத்தான் சொல்ற. இப்ப பார். இருபத்தொண்டில ஆறு போனா பதினஞ்சு. உன்ட செலவுக்கு நாலு லட்சத்தி எண்பத்தி மூவாயிரம் குறையுது. வெட்டுவம்.

– என்னத்தை வெட்டுற?

– முதல்ல பிளேன்ரீயை. மாசம் இருநூறு யுவான் போதும். ஒரு லட்சத்தி ஐம்பத்தொண்டு மிச்சம்.

– இருநூறு யுவானுக்கு என்ன கிடைக்கும்? காய்ச்சல் வந்தா ஒரு பனடோல் வாங்க ஏலாது.

– கட்டாருக்குப் போக முதல் வகுப்புப் பொடியன்களுக்கு நீ என்ன சொன்ன? மலையில இருக்கிற சாமிமார் உப்பில்லாத கஞ்சி குடிச்சுத்தான் படிச்சவங்கள் எண்டு. நீயும் குடி. அடுத்தது ஜக்கட். வேணாம்.

– அங்க மார்கழியில பனி கொட்டும் நிரு. தண்ணி உறையும்.

– ஓடு. ஓடினா உடம்பு சூடாகும். வாடைக்க விடியச்சாமம் கடற்கரையில எங்களுக்கு நீ அதைத்தான் சொன்ன.

– அது நம்மட ஊர் மழைக்குச் சொன்னது.

– உடுப்பு, தடியில பாதியை வெட்டுறன். வாளும் வேணாம். வாள் பழக்கிற நாளில ஓரமா நிண்டு மற்றாக்களைப் பாத்துக்கிட்டிரு. பாத்தும் படிக்கலாம். நான் மூண்டு வருசம் வேலிக்கு இஞ்சால நிண்டு அப்பிடித்தான் படிச்சன்.

– நீ இப்ப பயிற்சி செய்யிறியா என்ன?

– இல்ல. டிக்கெட் ஒரு வழி மட்டும் போடுறன். எண்பதாயிரம் மிச்சம்.

– அப்ப நான் எப்பிடித் திரும்பி வாறது?

– அதை வாற நேரம் யோசிப்பம். இப்ப உனக்குத் தேவ போறதுக்குத்தானே.

– இதுக்குப் பேர் படிக்கப் போறதில்ல, மறியல் வீடு. அங்கயாவது கூட்டிப்போக வர வாகனம் விடுவாங்க.

– எல்லாம் வெட்டியும் ரெண்டு லட்சத்தி ஏழாயிரம் குறையுது.

– நிரு.

– சொல்லு.

– உன்ட காப்பில ஒண்டை அடகு வச்சா ரெண்டு லட்சம் வரும். ஒண்டே ஒண்டு. வந்து முதல் மாசமே மீட்டுத் தாறன்.

– ஒரு கையில காப்பில்லாம மணவறையில குந்தச் சொல்றியா?

– கவரிங் ஒண்டைப் போடு. ஆருக்குத் தெரியப்போகுது?

– எனக்குத் தெரியும்.

– கல்நெஞ்சுக்காறி. இந்த வீட்டுக்கு ஓடு போட்டது ஆரு? வீட்டு உறுதி உன்ட பேரில கிடக்கு, சல்லி என்ட. நம்மட பக்கத்தில ஆம்பிளையாப் பிறந்தா தங்கச்சிக்கு வீட்டைக் கட்டிக் குடுத்துட்டுத்தான் தன்ட வாழ்க்கையைப் பாக்கணும். சரி, செஞ்சன். ஒரு சொல்லுச் சொன்னனா? நாளைக்கு நானும் ஒருத்தியின்ட வீட்டிலதான் போய்க் கிடக்கப் போறன். எனக்கெண்டு ஒரு செங்கல் இல்ல. நான் கேட்டது இந்த ஒரு வருசம் மட்டும்.

– நானும் ஒருக்காக் கேட்டன். மூண்டு நாள்.

– என்ன மூண்டு நாள்?

– கொழும்புக்குப் போட்டிக்குப் போக. எனக்குப் பதினாறு. மாவட்டத்தில முதலாவதா வந்தன், மாஸ்டர் என்ட பேரைக் குடுத்தார். அந்த லிஸ்டில உன்ட பேர் இல்ல.

– பதினொரு வருசம் புள்ள. அதையா இன்னும் நெஞ்சுக்குள்ள வச்சிருக்க?

– அண்டைக்கு ராவு அப்பாட்ட என்ன சொன்ன?

– எனக்கு ஞாபகம் இல்ல.

– நம்மட வகுப்பில படிச்ச இஷாம்ட பைக்கில நான் பாலத்தடியால போறதைக் கண்டதெண்டு சொன்ன. நான் அவன்ட பைக்கில ஒரு நாளும் ஏறினதில்ல. அது உனக்குத் தெரியும். அப்பா என்ட குங்பூ உடுப்பைக் கொண்டுபோய் வயலுக்குள்ள வைக்கோலோட போட்டு எரிச்சார். என்னையும் கூட்டிப்போய்ப் பாக்க வச்சார். அதுக்குப் பொறகுதான் மூண்டு வருசம் வேலிக்கு இஞ்சால நிண்டது.

– நான் பகிடிக்குச் சொன்னன். அந்த மனிசன் அப்பிடி எரிப்பாரெண்டு நான் கண்டனா? செத்தும் நாலு வருசம், இனி அவரைப் பேசி என்ன? யோசிச்சுப் பார், உன்ட நன்மைக்குத்தான் நடந்திருக்கு. காலைத் தூக்கித் தூக்கி அடிக்கிற பொம்புளையை ஆரு கட்டுவான்? இண்டைக்கு நிலோஜன் மாதிரி ஒரு கவுண்மேந்து உத்தியோகக்காறன் உன்ட வாசலுக்கு வந்திருப்பானா?

– வந்திருக்கமாட்டான்.

– பாத்தியா, நீயே சொல்ற.

– ஓம். நேரம் ஒண்டே முக்கால். முடிவெடு அண்ணா.

– பாத்ரூமை மட்டும் இப்ப கட்டுவம். டைல்ஸை நான் வந்து...

– நிலோஜன்ட அம்மா என்ன சொன்னா தெரியுமா? சொல்லக்கூடாதெண்டு இருந்தன். 'அண்ணன்காறனுக்குச் சீனாவில போய் அடிதடி படிக்கக் காசிருக்கு, தங்கச்சிட வீட்டுக்கு இல்லயா' எண்டு கேட்டா.

– அப்பிடியா கேட்டா?

– அதே சொல்லாலதான் கேட்டா.

– அம்மா என்ன சொல்றா?

– அம்மா கோயிலுக்குப் போயிட்டா, அவவுக்கு இன்னும் சொல்லல்ல. சொன்னா அழுவா. கழட்டி வச்ச தாலிக்கொடியை எடுத்து நீட்டுவா. விக்க விடுவியா?

– இல்ல. அவவுக்குச் சொல்லாத.

– அப்ப?

– இன்ஷாப் பாஸ்ட எக்கவுண்ட் நம்பரைச் சொல்லு.

– பாதியை இப்ப போடு. மிச்சத்தை வேல முடியக் குடுக்கலாம்.

– முழுக்கப் போடுறன். கையில வச்சிருந்தா நான் ஓடிருவன் நிரு, என்னை எனக்கு நம்ப ஏலாது. ஆ, போயிட்டு. ஆறு லட்சம்.

– பாஸ் மெசேஜ் போட்டிருக்கார், வந்திட்டாம்.

– எவ்வளவு கெதியாப் போகுது பார். மூண்டு வருசமாச் சேர்த்ததில ஆறு லட்சம், மூண்டு நிமிசம் எடுக்கல்ல. மிஸ் லினுக்கு என்ன எழுதுற? உனக்குத்தான் இங்கிலீஸ் வரும்.

– தா, எழுதுறன். நான் வரல்ல, என்ட இடத்தை வேற ஆளுக்குக் குடுங்க, மன்னிச்சுக்கொள்ளுங்க. போதுமா?

– இந்த வருசம் வரல்ல எண்டு போடன்.

– அடுத்த வருசம் உனக்கு முப்பது தாண்டிரும்.

– ஓம் என்ன.

– இந்தா, எழுதிட்டன். நீயே அனுப்பு.

– கட்டாரில ஒவ்வொரு நாளும் அந்தக் கேற்றடியில நிண்டு இதைத்தான் நினைச்சன். மலையடிவாரம், கல்லுப் படிக்கட்டு, ஆயிரம் பேர் ஒண்டாக் கால் தூக்கிற முற்றம். போனில வீடியோ பாத்து அந்தப் படிக்கட்டை எண்ணியும் வச்சிருந்தன். கூலி வேலைக்கு வந்தவன் மாதிரி அங்க நிண்டு ஒரு நாள் கூட்டிப் பெருக்கினாலும் போதுமெண்டு இருந்தன்.

– ரெண்டு பத்து அண்ணா. அனுப்பு.

– அனுப்பிட்டன்.

– என்ன சொல்றா?

– பொறு, எழுதுறா. 'பரவாயில்ல சிவதர்ஷன். பிரேசில் பிள்ளை ஒராள் காத்துக்கிட்டிருந்தா, அவவுக்குக் குடுத்திட்டம். நல்லா இருங்க.' சிரிக்கிற மூஞ்சி ஒண்டும் போட்டிருக்கா.

– அப்ப முடிஞ்சுது.

– முடிஞ்சுது. இப்ப என்னட்ட ஒண்டும் கதைக்காத நிரு.

– கதைக்கல்ல. தண்ணி தரவா?

– வேணாம். நான் அழல்ல. அண்ணன் எண்டா அப்பிடித்தான், விடு. அண்டைக்கு அப்பாட்ட நான் சொன்னதுக்கும் இதுக்கும் சரியாப் போச்செண்டு வை. இனி அந்தக் கதையை நீ எடுக்கப்படாது.

– இனி எடுக்கமாட்டன்.

– பைக் சாவியைத் தா. ஒருக்காப் பழுகாமத்துக்குப் போயிட்டு வாறன். இப்ப கெஞ்சப் போகல்லயே, நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போகலாம். அந்த மனிசிட முகத்துக்கு நேர சொல்லணும், நீங்க கேட்ட பாத்ரூமும் டைல்ஸும் நாளைக்குத் தொடங்குது, சந்தோசமா இருங்க எண்டு.

– போகாத அண்ணா. பழுகாமத்தில ஆரும் ஒண்டும் கேக்கல்ல.