எல்லாத்துக்கும் ஆமாங்க

— பொலிஸ்லயும் ஆமாங்கன்னுதான் செல்லியிருக்கீங்க, தம்பி. தேயிலைத் தோட்டத்து விறகுக் கொட்டிலுக்கு நெருப்பு வச்சது நீங்கதானா?

— ஆமாங்க.

— நீதவான்னா யாருன்னு தெரியுமா, பிரதீஷ்? வழக்கக் கேட்டு முடிவு செல்றவர்.

— ஆமாங்க.

— நானா நீதவான்?

— ஆமாங்க.

— பாத்தீங்களா, அனுஷியா? உங்கட தம்பிக்கு நான் கேக்குறதே விளங்கல்ல. இவரால வழக்குல நின்டு பதில் செல்ல ஏலாதுன்னுதான் இவர இங்க அனுப்பின கோட்டுக்கு எழுத வேண்டி வரும்.

— எழுதாதீங்க, டொக்டர் மிஸ். எழுதினா இவன என்ன செய்வாங்க?

— வழக்க நிப்பாட்டிட்டு, கொழும்புப் பக்கம் ஒரு மனநல ஆஸ்பத்திரில வச்சுப் பாப்பாங்க. மறியல்ல, ஜெயில்ல கிடக்கிறத விட அது நல்லம், தங்கச்சி.

— எப்ப வீட்டுக்கு விடுவாங்க?

— அத என்னால செல்ல ஏலாது.

— மறியலுக்குன்னாலும் ஒரு முடிவு இருக்கு. செய்யாத குத்தத்துக்கு முடிவே இல்லாம அடச்சு வைக்கப் பாக்குறீங்க, அதுக்கு நல்லம்னு ஒரு பேரு வேற! எல்கடுவத் தோட்டம் பூரா இவன கொள்ளிக்கட்டன்னு கூப்பிடுது, மிஸ். கோட்டுல நின்னு, நான் செய்யலன்னு இவன் வாயாலயே சொல்லணும்.

— அந்த வாய்தானே எல்லாத்துக்கும் ஆமாங்கன்னு செல்லுது? எதிர்ப்பக்கத்து லோயர் ஒரு கேள்வி கேட்டாப் போதும்.

— உங்க காரையும் இவன்தான் களவெடுத்தானான்னு கேளுங்க.

— என்ன கத இது! தம்பி, என்ட கார நீங்களா களவெடுத்த?

— ஆமாங்க.

— அல்லாஹ்வே, கார் கீழ நிக்கிது.

— அதான் எங்க வளப்பு, மிஸ். ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தொரை உக்காந்திருப்பாரு, நாங்க இந்தப் பக்கம் நிப்போம். நிக்கிறவன் ஆமாங்கன்னுதான் சொல்லணும். எங்கப்பா ஒருக்கா இல்லன்னு சொல்லி, அவருக்கு வேலை போயிருச்சு. இவனுக்குப் பள்ளிக்கூடத்துல ஒண்ணும் ஏறல, இது மட்டும் நல்லா ஏறிருச்சு. பொலிஸ்லயும் நிக்க வச்சுத்தான் கேட்டாங்க.

— நான் உக்காரச் செல்லித்தானே இரிக்கேன்? அவர்தான் மாட்டேங்கிறார்.

— நீங்க உக்காந்திருக்கிற மட்டும் உக்கார மாட்டான். எந்திரிங்க, மிஸ்.

— என்ன?

— எந்திரிங்க. உங்க கதிரையில இவன் உக்காரட்டும்.

— இது என்ட கிளினிக், அனுஷியா.

— இவன் என்னோட தம்பி.

— சரி, சரி. வாங்க தம்பி, இதுல இரிங்க. பயப்படத் தேவல்ல.

— அக்கா, கதிரை சுத்துது!

— சுத்தட்டும்டா. கால ஊனிக்க.

— இப்ப நான்தான் நிக்கிறேன், தம்பி. கொட்டிலுக்கு நெருப்பு வச்சது நீங்களா?

— இல்ல.

— கேட்டீங்களா, மிஸ்! என்னத் தவிர யாருகிட்டயும் இவன் இல்லன்னு சொன்னதே கெடையாது.

— நீங்க செல்லிக் குடுத்ததாவும் இரிக்கலாம். கொஞ்சம் பேசாம இரிங்க. தம்பி, அண்டைக்கு நல்ல மழ தானே?

— இல்ல, வெயிலு. விறகெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. காவலுக்கு இருந்த வாச்சர் மாமா பீடியப் போட்டுட்டுத் தூங்கிட்டாரு. நான் வாளியில தண்ணி அள்ளி ஊத்துனேன். அணையல.

— இத ஏன் பொலிஸ்ல செல்லல்ல?

— கேக்கலையே. நீயாடான்னு மட்டுந்தான் கேட்டாங்க.

— வாச்சர் கோட்டுக்கு வந்து, நீங்கதான் வச்சீங்கன்னு செல்லுவார். அப்ப என்ன செய்வீங்க?

— பொய்யின்னு சொல்லுவேன். சத்தமா சொல்லுவேன்.

— ம்... இவருக்கு விளங்குது, அனுஷியா. ஆனா கோட்டுல இவர் கூண்டுல நிக்கணும், நீதவான் மேல உக்காந்திருப்பார். அங்க யாரு எழும்புவாங்க?

— யாரும் எந்திரிக்க வேணாம். இவனுக்கு ஒரு கதிரை குடுங்க, நீயாடான்னு கேக்காம என்னடா நடந்துச்சுன்னு கேளுங்கன்னு எழுதுங்க. காலு ஏலாதவன்னா கதிரை குடுக்க மாட்டாங்களா?

— நான் எழுதலாம். குடுக்குறது அவங்கட கையில.

— குடுக்காட்டி, குடுக்கிற மட்டும் நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்.

— அது விளங்குது, நீங்க விட மாட்டீங்க. சரி, இப்படிக் கேட்டா வழக்காட ஏலும்னு எழுதுறேன். சந்தோஷமா, தம்பி? இனி எழும்புங்க, நான் உக்காந்து எழுதணும்.

— மாட்டேன்.

— ஏன் தம்பி?

— அக்கா வந்ததுலேருந்து நிக்கிது. அத நீங்க உக்காரவே சொல்லல. மொதல்ல அதுக்கு ஒரு கதிரை போடுங்க, அப்புறம் எந்திரிக்கிறேன்.